மீள்குடியேறிய குடும்பத்தின் உரிமையைக் காப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் துணை நிற்போருக்கான வழிகாட்டி

மட்டக்களப்பு மாவட்டத்திலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஒருமுறையேனும் இடம்பெயராத குடும்பத்தைக் காண்பது அரிது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒரே கோடைக்குள் அகதிகளாயின. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிச் சென்றது. 2006 இன் பிற்பகுதியிலும் 2007 இன் முற்பகுதியிலும் மாவட்டத்தின் வடக்கேயுள்ள வாகரை மக்களும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை மக்களும் கையில் அகப்பட்டதோடு ஊரைவிட்டு வெளியேறினார்கள். 2007 மார்ச்சில் வாகரைக்கும், மே மாதத்தில் படுவான்கரைக்கும் மக்கள் திருப்பி அனுப்பப்படத் தொடங்கினர். அன்று முதல் அவர்கள் அரச ஏடுகளில் மீள்குடியேறியோர். அந்தப் பட்டியலில் பெயர் ஏறியவுடன் கடமை முடிந்துவிட்டது என்று கருதும் வழக்கம் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் இன்றும் இருக்கிறது. திரும்பி வந்த குடும்பத்துக்கு நிலத்தின் மீது பத்திரமும், பிள்ளைக்கு அடையாள அட்டையும், காணாமற்போனவர் பற்றிய பதிலும், அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று பேசும் நிலையும் கிடைக்கும்வரை மீள்குடியேற்றம் முடியவில்லை என்பதே இவ்வழிகாட்டியின் நிலைப்பாடு.

இது கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளருக்கும், மாதர் சங்கத் தலைவிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவருக்கும், ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கும் இளைஞருக்கும் எழுதப்படுகிறது. சட்டத்தரணியின் இடத்தை இது நிரப்பாது. ஆனால் சட்டத்தரணியிடம் போகுமுன் செய்யப்பட வேண்டியவற்றுள் பெரும்பகுதியை ஊருக்குள்ளேயே செய்யலாம். அப்படிச் செய்துவிட்டுப் போகிறவருக்கே சட்டத்தரணியாலும் பயன் கிடைக்கும்.

எதன் மீது நின்று பேசுவது

ஐக்கிய நாடுகள் அமைப்பு 1998 இல் முன்வைத்த உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளுள் 28 ஆவதும் 29 ஆவதும் நமக்கு மிக நெருக்கமானவை. மக்கள் தம் விருப்பத்தின்படி, பாதுகாப்போடும் மதிப்போடும் சொந்த இடத்துக்குத் திரும்பவோ வேறிடத்தில் குடியேறவோ வழிசெய்வது அரச அதிகாரிகளின் முதன்மைக் கடமை என்றும், அந்தத் திட்டமிடலில் அம்மக்களே முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்றும் 28 ஆவது கூறுகிறது. திரும்பியவர்களை இடம்பெயர்ந்தவர்கள் என்பதற்காக வேற்றுமைப்படுத்தலாகாது. விட்டுச் சென்ற சொத்தை மீட்க உதவ வேண்டும். மீட்க முடியாதபோது நட்டஈடோ நியாயமான வேறு பரிகாரமோ வழங்க வேண்டும் என்பது 29 ஆவதன் சாரம். இவை நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அல்ல. ஆயினும் போரினால் இடம்பெயர்ந்தோருக்கு நிலையான தீர்வு காண்பதற்கான தேசியக் கொள்கை ஒன்றை இலங்கை அமைச்சரவையே 2016 ஆகஸ்டில் அங்கீகரித்தது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தையும், 14 ஆம் உறுப்புரை நாட்டின் எப்பகுதியிலும் வசிப்பிடத்தைத் தெரிவுசெய்யும் சுதந்திரத்தையும், 14அ உறுப்புரை தகவல் பெறும் உரிமையையும் உறுதிசெய்கின்றன.

கடிதம் எழுதும்போது இவை பயன்படும். நம் ஊர்களில் எழுதப்படும் மனுக்களுள் பல, 'வறுமைக்கோட்டின் கீழ் வாழும் எமக்குத் தயவுகூர்ந்து உதவி செய்யுமாறு தாழ்மையாக வேண்டுகிறோம்' என்று தொடங்கி அதிலேயே முடிகின்றன. கேட்கப்படுவது கொடை என்று எழுதினால், கொடுக்காமல் விடுவதற்கும் அவ்வெழுத்தே இடம் தருகிறது. அதற்குப் பதிலாக, 'இன்ன ஆண்டில் இன்ன ஊரிலிருந்து இடம்பெயர்ந்து, இன்ன திகதியில் மீள்குடியேற்றப்பட்ட எமது குடும்பத்துக்கு, 2016 ஆம் ஆண்டின் தேசியக் கொள்கைக்கு அமைய உரித்தான இன்ன விடயம் இதுவரை நிறைவேற்றப்படவில்லை. நிறைவேற்றப்படும் திகதியை எழுத்தில் அறியத் தருமாறு கோருகிறோம்' என்று எழுதுங்கள். மரியாதை குறையத் தேவையில்லை. கேட்பவர் யார், கேட்கப்படுவது என்ன என்பது தெளிவாக இருந்தால் போதும்.

முதல் சந்திப்பு

முதல் நாளிலேயே படிவத்தை விரித்து, பெயர், வயது, இழப்பு என்று கட்டம் கட்டமாக நிரப்பத் தொடங்காதீர்கள். அந்தக் குடும்பம் இதற்கு முன்னர் எத்தனையோ கணக்கெடுப்புகளுக்குத் தன் கதையைச் சொல்லிக் களைத்திருக்கும். 'உங்களுக்கு எது முதலில் தீர வேண்டும்?' என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும். காணிப் பிரச்சினைதான் பெரிது என்று நாம் எண்ணிக்கொண்டு போயிருப்போம். வீட்டுக்காரிக்கோ, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மகளுக்கு இன்னும் அடையாள அட்டை இல்லை என்பதுதான் இரவில் தூக்கத்தைக் கெடுப்பதாக இருக்கும். அதை முதலில் முடித்துக் கொடுங்கள். ஒரு சிறிய காரியம் நிறைவேறிய வீட்டில்தான் பெரிய காரியத்துக்கான நம்பிக்கை பிறக்கும்.

வீட்டில் யார் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். ஆண் ஒருவர் இருந்தால் எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வது வழக்கம். பெண்ணோடு, முதியவரோடு, மாற்றுத்திறனுள்ளவரோடு தனித்தனியே பேசும் நேரத்தை ஒதுக்குங்கள். பெண்ணோடு பேசப் பெண் ஒருவரே போகட்டும். வீட்டு வாசலில் நிற்கவைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை முழுமையாகக் கைவிடுங்கள். உதவிப் பொருளைக் கையில் கொடுத்தபடி எடுத்த படம் கொடுத்தவரின் அறிக்கையை அலங்கரிக்கும். அதை வாங்கியவரின் பிள்ளையோ பாடசாலையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மதிப்புக் குலையும் இடம் பெரும்பாலும் அலுவலகக் கருமபீடம். ஓர் அலுவலகத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி, 'புருஷன் எங்கே? செத்தவரா, காணாமல் போனவரா?' என்று ஒரு பெண்ணிடம் கேட்கப்பட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த விண்ணப்பத்தை நான்காக மடித்து, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. குடும்ப நிலையை அரைப் பக்கத்தில் தட்டச்சுச் செய்து கையொப்பமிட்டு முன்கூட்டியே எடுத்துச் செல்லுங்கள். கேள்வி எழும்போது அத்தாளை நீட்டி, 'விபரம் இதில் இருக்கிறது, மேலதிகமாகத் தேவைப்பட்டால் தனியாகப் பேசலாம்' என்று உடன் செல்பவர் சொல்லட்டும். அப்படிச் சொன்ன பிறகும் உரத்துக் கேட்கும் அலுவலர் இருந்தால், அன்றைக்கே பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதைப் பொறுத்துக்கொண்டு போகும்படி அந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொல்லாதீர்கள்.

தாள்களை ஒன்றுசேர்த்தல்

நம் வீடுகளில் ஆவணங்கள் ஒரு சொப்பிங் பையில் கூரைத் தடியில் தொங்கும், அல்லது அரிசி வாளிக்குள் கிடக்கும். படுவான்கரையில் ஒரு தாயார் அப்படியொரு பையைப் பாயில் கொட்டிவிட்டு, 'மனே, இதுல என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியா, ஆனா ஒண்டையும் எறியல்ல' என்றார். முகாமில் கொடுத்த நிவாரண அட்டை, பழைய கூப்பன் அட்டை, நீர் பட்டு மை கலைந்த அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டுகள், மகனின் தடுப்பூசி அட்டை ஆகியவை அதில் இருந்தன. அவற்றுள் மிகப் பெறுமதியானவை ஏக்கர் வரிச் சீட்டுகளே என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்ன ஆண்டுகளில் இன்ன வயலைச் செய்தவர் இவர் என்பதற்கு, அனுமதிப்பத்திரம் அழிந்துபோன நிலையிலும், அவை சாட்சி சொல்லும்.

ஆகவே எந்தத் தாளையும் பயனற்றது என்று ஒதுக்காதீர்கள். வீட்டில் தாளே இல்லாவிட்டால் வெளியே தேடுங்கள். பாடசாலையின் அனுமதிப் பதிவேட்டில் பிள்ளையின் முகவரி இருக்கும். பழைய வாக்காளர் இடாப்பில் வீட்டுப் பெயர் இருக்கும். கமக்காரர் அமைப்பின் உரமானியப் பட்டியல், கோயில் திருவிழாக் கணக்கேடு, கூட்டுறவுச் சங்க அங்கத்துவப் பதிவு, மின்சாரப் பட்டியல் எல்லாமே வசிப்பையும் ஆட்சியையும் காட்டும். எல்லைக்காணிக்காரர் இருவர் உயிரோடு இருக்கும்போதே சமாதான நீதவான் முன் அவர்களிடம் சத்தியக்கடதாசி பெற்றுக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். 1990 க்கு முந்திய எல்லைகளை அறிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள்.

பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். பதிவே இல்லாதவருக்குக் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழிகள் உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து பெற்றோருடன் திரும்பிய பிள்ளைகளின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் அவர்கள் இலங்கைப் பிரசைகளாக ஏற்கப்படமாட்டார்கள். பிரசாவுரிமைப் பதிவு தனியே செய்யப்பட வேண்டும். பிள்ளை பதினைந்து வயதை அடைந்து அடையாள அட்டைக்கு அலையும்வரை காத்திராமல், திரும்பி வந்த ஆண்டிலேயே அதைத் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரு கோப்பில் திகதி வரிசையில் இடுங்கள். மூலப் பிரதியைக் கருமபீடத்தில் ஒருபோதும் விட்டு வராதீர்கள். கையளிக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டாம் பிரதி ஒன்றை எடுத்துச் சென்று, அதில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரையிட மறுத்தால் அஞ்சலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு ஒட்டி வையுங்கள்.

காணி

காணி விடயத்தில் முதலில் அறிய வேண்டியது அது எவ்வகைக் காணி என்பது. தனியார் உறுதிக் (உரித்துப் பத்திரமுள்ள) காணியா, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பேர்மிட் (அனுமதிப்பத்திர) காணியா, அளிப்புப் பத்திரம் கிடைத்ததா, வருடாந்த அனுமதியா, அல்லது தாள் எதுவுமின்றித் தலைமுறையாகச் செய்துவந்த சேனை நிலமா என்று பிரித்தறியாமல் எழுதப்படும் மனு அலுவலகம் அலுவலகமாக அலையும். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து பதிவுப் பிரதி பெறலாம். பேர்மிட் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடும் சத்தியக்கடதாசியோடும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு விண்ணப்பித்து, காணிப் பேரேட்டில் உள்ள பதிவை உறுதிசெய்யக் கேட்க வேண்டும். வடக்குக் கிழக்கில் போருக்குப் பிந்திய அரச காணிப் பிணக்குகளைத் தீர்க்கவென 2013/01 இலக்கச் சுற்றறிக்கையின் கீழ் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. குடும்பம் அப்போது விண்ணப்பித்திருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள், ஏனெனில் உரிமைக் கோரல் இன்று புதிதாக முளைத்ததல்ல என்பதற்கு அது சான்று.

பேர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளரை (தமக்குப் பின் காணியைப் பெறுபவரை) நியமித்துப் பதிவு செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நியமிக்காமல் காலமாகிவிட்டால் உரித்து சட்டத்தின் அட்டவணைப்படி செல்லும். அந்த அட்டவணை நெடுங்காலமாக ஆண் வாரிசுகளுக்கே முன்னிடம் கொடுத்து வந்தது. 2022 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. எனினும் பழைய வழக்கத்தை மனத்தில் வைத்து மூத்த மகனின் பெயரைக் கேட்கும் அலுவலர்கள் இருக்கக்கூடும். அப்போது அந்தத் திருத்தத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

பெண்ணின் பெயர் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே நடந்தது பெரிய அநீதி. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர் குடும்பத்திலும் முஸ்லிம் குடும்பத்திலும் வளவும் வீடும் மகளுக்குச் சீதனமாகப் போவதே மரபு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சுனாமிக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்கள் பலவற்றில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதி, அவர் பெயருக்கே வீட்டையும் காணியையும் வழங்கினார்கள். தாயிடமிருந்து தன் பெயரில் வளவு பெற்றிருந்த பெண், அலை அழித்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டில், கணவனின் தயவில் குடியிருப்பவள் ஆனாள். மணமுறிவு நேர்ந்தபோதும், கணவன் வேறு குடும்பம் தேடிப்போனபோதும் அதன் விளைவு வெளிப்பட்டது. ஆகவே எந்தப் புதிய வீட்டுத்திட்டப் படிவத்திலும், இழந்த காணி யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரிலேயே புதியதும் வழங்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். குறைந்தபட்சம் இருவர் பெயரிலும் கேளுங்கள். இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும்: வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம் கிழக்குக்குப் பொருந்தாது. மட்டக்களப்பில் மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் சம்மதம் இல்லாமலே விற்கவோ ஈடுவைக்கவோ சட்டத்தில் தடையில்லை. கணவனின் கையொப்பம் கட்டாயம் என்று யாரேனும் சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளியேறியிருந்த காலத்தில் வேறொருவர் காணிக்குள் வந்து குடியிருந்தால் அவசரப்பட்டு வேலியை வெட்டப் போகாதீர்கள். திரும்பி வந்து குடியிருப்பவரை யாரேனும் பலவந்தமாக வெளியேற்றினால் காலம் மிக முக்கியம். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். வெளியேற்றப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் தகவல் தாக்கல் செய்யப்பட்டால், ஆட்சியை மீண்டும் ஒப்படைக்கும் கட்டளையை நீதிமன்றம் பிறப்பிக்க முடியும். உரித்து யாருடையது என்பதை அவ்வழக்கு முடிவு செய்யாது. ஆனாலும் குடும்பம் தன் முற்றத்தில் நின்றுகொண்டு மற்ற வழக்கை நடத்த வழி பிறக்கும்.

தனியார் காணியில் மற்றொருவர் பத்து ஆண்டு தடையின்றி, தனக்கே உரியதாக ஆண்டதாகச் சொல்லி ஆட்சியுரிமை கோருவது இன்னொரு சிக்கல். போர்க்காலத்தில் வழக்கிட முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காது விட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆனால் வழக்கிட இரண்டு ஆண்டு மட்டுமே கொடுக்கப்பட்டது; அந்தக் காலம் 2018 இல் கழிந்துவிட்டது. பலர் அப்படியொரு சட்டம் வந்ததையே அறியாமல் வாய்ப்பை இழந்தார்கள். இத்தகைய பிணக்கோடு வருபவரைத் தாமதமின்றிச் சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அயலவருக்கிடையிலான எல்லைத் தகராறுக்கு மத்தியஸ்த சபையே போதுமானது. அங்கே செலவும் குறைவு, பகையும் வளராது.

எதிரில் நிற்பது அரசத் திணைக்களமானால் வழி வேறு. மக்கள் இல்லாத ஆண்டுகளில் வனவளத் திணைக்களமோ வனஜீவராசிகள் திணைக்களமோ எல்லைக்கல் நட்டு, திரும்பி வந்தவரை அத்துமீறியவராகக் காட்டும் நிலை இங்கு பல இடங்களில் உண்டு. பொத்துவில் கனகர் கிராமத்திலிருந்து 1990 இல் வெளியேறிய குடும்பங்கள் தம் நிலத்துக்குத் திரும்பக் கோரி 2018 இல் தெருவோரத்தில் அமர்ந்து போராட நேர்ந்தது. பாணமையில் 2010 இல் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு 340 ஏக்கரை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது; முடிவு தாளிலேயே கிடக்க, 2016 மார்ச்சில் மக்கள் தாமாகவே நிலத்துக்குள் திரும்பிச் சென்றார்கள். அமைச்சரவை முடிவு கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று கலைந்துவிடக் கூடாது என்பதைப் பாணமை மக்களிடம் கற்க வேண்டும்.

தகவல் கேட்டல்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமே ஊரில் இருப்பவர் கையில் உள்ள மிகக் கூரிய கருவி என்பது என் உறுதியான எண்ணம். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் கேட்கலாம். தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். கோரிக்கை கிடைத்தமைக்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ பதினான்கு நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதுவும் பயன் தராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். இந்தத் திகதிகளைக் கோப்பின் முன் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வியைப் பரந்து கேட்டால் பரந்த பதிலே வரும். 'எமது காணியை ஏன் விடவில்லை' என்பது தகவல் கோரல் ஆகாது. 'இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில் இன்ன எல்லைகளுக்குட்பட்ட நிலம் ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டிருப்பின், அவ்வர்த்தமானியின் இலக்கம், திகதி, இணைக்கப்பட்ட வரைபடத்தின் பிரதி. அறிவிப்புக்கு முன் பிரதேச செயலாளரின் கருத்துக் கேட்கப்பட்டிருப்பின் அக்கடிதத்தின் பிரதி' என்று கேளுங்கள். வீட்டுத்திட்டம் பற்றியதானால், 'பயனாளிகள் தெரிவுக்குப் பயன்படுத்தப்பட்ட புள்ளித்திட்டம், எமது குடும்பத்துக்கு வழங்கப்பட்ட புள்ளி, தெரிவுக் கூட்ட அறிக்கையின் பிரதி' என்று கேளுங்கள். இப்படிக் கேட்கப்படும் பிரிவில் அடுத்த பட்டியல் தயாரிக்கும் கையும் சற்று நிதானிக்கும்.

வீடும் கடனும்

வீட்டு மானியம் கட்டம் கட்டமாகத்தான் கைக்கு வரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு வழங்கப்பட்டது 550,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு படியும் முடிந்த பின்னரே அடுத்த தொகை. இடையில் சீமெந்தும் மரமும் விலையேறும்போது, வேலைசெய்ய ஆண் துணையற்ற குடும்பம் மேசன் கூலிக்கு நுண்கடன் எடுக்கும். வாரத் தவணை கேட்டு வருபவர்கள் இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பது மட்டக்களப்புக் கிராமங்களில் பெண்கள் நன்கறிந்த அவமானம். திட்டம் தொடங்கும் நாளிலேயே அவ்வாறான குடும்பங்களை இனங்கண்டு, சிரமதானமாகவோ கைமாற்று வேலையாகவோ கூலிச் செலவைக் குறைக்கச் சங்கம் முடிவெடுக்க வேண்டும். கடன் எடுத்துவிட்டவருக்கு ஒப்பந்தத்தின் பிரதியையும் செலுத்திய கணக்கையும் எழுத்தில் கேட்டுப் பெற்றுக் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் அது கடன் விவகாரம் அன்று, பொலிஸ் முறைப்பாட்டுக்குரிய விவகாரம்.

மொழி

அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழியாகத் தமிழ் பயன்படுத்தப்பட வேண்டும். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமையும் உண்டு. அம்பாறையில் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட வாக்குமூலத்திலோ காணிப் படிவத்திலோ நம்மவர் கையொப்பம் வைப்பது இன்னும் நடக்கிறது. வாசிக்க முடியாத தாளில் கையொப்பமிட வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வையுங்கள். தவிர்க்க முடியாமற்போனால், 'எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை' என்று கையொப்பத்துக்கு மேலே தமிழில் எழுதும்படி பழக்குங்கள். மொழி மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

காணாமற்போனவர் உள்ள வீடு

இங்கே மிகுந்த நிதானம் வேண்டும். வங்கிக் கணக்குக்கும் காணி மாற்றத்துக்கும் ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது என்பதற்காக மரணச் சான்றிதழ் எடுக்கும்படி யாரையும் நெருக்காதீர்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பும் தாய்க்கு அது தன் கையாலேயே அவனை இல்லாமற்செய்வதாகும். மரணங்களைப் பதிவுசெய்வது பற்றிய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு சொத்தை நிருவகிக்கவும் உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். அதைப் பெறுவதால் தேடும் உரிமை அற்றுப்போகாது. எதைத் தெரிவது என்பது குடும்பத்தின் முடிவு. ஒரே குடும்பத்தில் மனைவி ஒன்றையும் தாய் வேறொன்றையும் விரும்பலாம். அப்போது இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச ஊரில் மதிக்கப்படும் ஒருவரை அழைப்பது நல்லது. காணாமற்போனோர் அலுவலகத்தின் பிராந்தியக் கிளை மட்டக்களப்பில் உண்டு. அங்கு போகும்போது ஒருவர் உடன் போங்கள், ஆனால் அவர்களுக்காக நீங்கள் பேசாதீர்கள்.

உரிமை மீறப்பட்டபோது

அரச அலுவலர் ஒருவரின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போகும் வசதியற்றவருக்கு இந்த ஒரு மாதம் கண்ணிமைக்குமுன் ஓடிவிடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேர்க்கப்படாது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. விசாரணை உண்மையில் நடைபெறுகிறது என்பதைக் காட்டும் கடிதத்தையும் நீதிமன்றம் எதிர்பார்க்கும். ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தோடு நின்றுவிடாமல் தொடர்ந்து எழுதிக் கேளுங்கள். ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன; 1996 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறையிடலாம்.

வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். திரும்பி வந்த குடும்பங்களிடம், சிறப்பாகப் புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி உள்ள வீட்டில், யார் எவரென்று சொல்லாமல் கேள்வி கேட்கப்படுவதுண்டு. வந்தவரின் பெயர், அலுவலகம், வந்த காரணம் ஆகியவற்றைக் கேட்க வீட்டாருக்கு உரிமை உண்டு. வந்த நேரத்தையும் கேட்டவற்றையும் அன்றிரவே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெண் தனித்திருக்கும் வீடானால் அயலவர் ஒருவர் வந்து முற்றத்தில் நிற்பது என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அயலாரின் இழப்பு

ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் உள்ள முஸ்லிம் விவசாயிகளுக்கு படுவான்கரைப் பக்கத்தில் வயல்கள் இருந்தன. அவர்களுள் பலர் 1990 க்குப் பின் அங்கு போக முடியாமற்போனது. அம்பாறையில் முஸ்லிம் ஊர்களை அண்டியிருந்த தமிழ்க் குடியிருப்புகள் வெறிச்சோடின. ஒரே வயலுக்கு இரு இடம்பெயர்ந்தவர்கள் உரிமை கோரும் வழக்குகள் இதனால்தான் வருகின்றன. நம் பக்கத்து ஏக்கர் வரிச் சீட்டை ஆதாரமாக ஏற்கக் கேட்கும் நாம், அயலவரின் சீட்டையும் அதே அளவுகோலால் ஏற்கவேண்டும். முதலில் இரு தரப்புத் தாள்களையும் இரு தரப்பும் நம்பும் ஒருவர் முன் வைத்துப் பாருங்கள். காணி உத்தியோகத்தரையும் அங்கேயே அழையுங்கள். அரசியல்வாதி ஒருவரின் மேடைக்கு ஏறிய காணிப் பிணக்கு தீர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

துணை நிற்பவர் தன்னைப் பற்றிக் கவனிக்க வேண்டியது

எந்த வேலைக்கும் பணமோ பொருளோ வாங்காதீர்கள். பயணச் செலவைச் சங்கக் கணக்கிலிருந்து பற்றுச்சீட்டோடு எடுங்கள். ஒருவர் வீட்டில் அறிந்ததை மற்றவர் வீட்டில் பேசாதீர்கள். முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள். 'இது ஆறு மாதம் எடுக்கலாம், கிடைக்காமலும் போகலாம்' என்று நேரே சொன்னால் மக்கள் தாங்கிக்கொள்வார்கள். கோப்பு குடும்பத்தின் சொத்து, உங்களுடையதன்று. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் அதை வீட்டாரிடமே கொடுத்து, அடுத்து என்ன கடிதம் எந்தத் திகதிக்குள் போக வேண்டும் என்பதை வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு அட்டையில் எழுதவைத்து, அந்தத் திகதியைச் சங்கத்தின் நாட்குறிப்பிலும் குறித்துக்கொள்ளுங்கள்.